கட்டை கட்டிய முகம்

ஜவ்வாது மலை இருக்கும் திருவண்ணாமலைச் சீமையில், கோடை வந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து களைகட்டும். அங்கே நான் முதலில் பார்ப்பது கட்டைகளைத்தான். தலையில் கிரீடம், தோளில் புஜகீர்த்தி, மார்பில் பதக்கம் எல்லாமே மரம். கல்யாண முருங்கை போன்ற இலேசான மரத்தில் செதுக்கி, வண்ணத்தாளும் கண்ணாடிச் சில்லும் பதிக்கிறார்கள். விடிய விடியப் பாடிச் சுழலும் உடம்பு கனத்த மரத்தைத் தாங்காது. விளக்கு பட்டதும் ஒவ்வொரு சில்லும் தனித்தனியே ஒளியை வீசும். கடைசி வரிசைக் கிழவிக்கும் ராஜா தெரிவார்.

மரத்தை வேறு விதமாக முகமாக்கியவர்களும் உண்டு. நைஜீரியா, கேமரூன் எல்லையில் வாழும் எக்கோய் மக்கள், செதுக்கிய மரத்தின்மேல் ஊறவைத்த மான்தோலை இழுத்துப் போர்த்தி முகமூடி செய்தார்கள். காய்ந்த தோல் மரத்தை இறுகப் பற்றி, உயிருள்ள முகம் போலவே ஆகிவிடும். நம் கூத்தில் மரம் முகத்தை மூடுவதில்லை. சுற்றி நின்று அதைப் பெரிதாக்குகிறது. நடுவே துரியோதனனின் சிவப்பு, கிருஷ்ணனின் பச்சை என்று அரிதாரம் பேசுகிறது. கண்ணும் புருவமும் நடிக்க இடம் விட்ட இந்த ஏற்பாடு பெரிய கலை அறிவு.

திரை விலகுமுன் கிரீடத்தின் நுனி மட்டும் மேலே ஆடும்போதே கூட்டம் நிமிர்ந்து உட்காரும். இந்தக் கட்டைகளால்தான் இந்தக் கூத்துக்குக் 'கட்டைக்கூத்து' என்று பெயர்; 1990இல் கலைஞர்கள் காஞ்சிபுரத்தில் தொடங்கிய சங்கத்தின் பெயரிலும் அந்தச் சொல்தான். ஆடுகிறவரைப் போலவே, இந்த மரத்தைச் செதுக்கும் கையையும் நாம் கொண்டாட வேண்டும்.