தெரியாததற்கும் ஒரு கட்டம்

காட்டுப் பாதையில் ஒருவன் நடந்து வருகிறான். வேட்டைக் கூட்டத்தைச் சேர்ந்தவன், எழுத்து அறியாதவன். பிறவியிலேயே அவனுக்கு நான்கு கைகள். புல்லுக்குள் உலோகக் குழல் ஒன்று கிடக்கிறது. ஒரு முனையில் கண்ணாடி, இன்னொரு முனையில் அழுத்தினால் உள்ளே போகும் குமிழ். மேசையருகே உட்கார்ந்து அவனை இயக்கும் ஆட்டக்காரருக்கு அது லேசர் துப்பாக்கி என்று கேட்டதுமே தெரிந்துவிட்டது. அவனுக்குத் தெரியாது. இப்போது அவன் அதை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிப்பான்?

1978-ல் வெளிவந்த ‘காமா வேர்ல்ட்’ இதற்கான விடையை ஆட்டக்காரரின் நேர்மைக்கு விட்டுவிடவில்லை. கருவிகளைப் புரிந்துகொள்வதற்கென்றே கட்டங்களும் அம்புக்குறிகளும் கொண்ட வரைபடங்களைப் புத்தகத்தில் அச்சிட்டுவிட்டது. பகடை உருட்டி, அம்புக்குறி காட்டும் வழியில் நகர வேண்டும். ஒரு கிளை முன்னால் கொண்டுபோகும், ஒரு கிளை வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பும், இன்னொன்றில் கருவி கையிலேயே வெடிக்கவும் கூடும். ஆட்டக்காரர் பொறியியல் பட்டதாரியாகவே இருக்கட்டும், நான்கு கைக்காரன் தட்டுத்தடுமாறித்தான் கற்றாக வேண்டும். பரமபதம் ஆடிய நமக்கு இது ஒன்றும் புதிதல்ல.

பழக்கமில்லாதவர்களுக்கு: நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமேற்றுப் பேசியே ஆடும் விளையாட்டு இது. கேம் மாஸ்டர் என்னும் ஒருவர் உலகத்தைச் சொல்லிக்கொண்டு போவார். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வரும் இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தாள் இருக்கும். பாத்திரத்தின் வலு, அறிவு, தொழில், உடைமை எல்லாம் அதில்தான். அந்தத் தாளை நிரப்புவதே பாத்திர உருவாக்கம். வாளும் மந்திரமும் உள்ள உலகங்களுக்கும் சரி, விண்கலமும் கணினியும் உள்ள உலகங்களுக்கும் சரி, அதற்கு ஓரளவு தெளிவான வழிகள் உண்டு. இரண்டும் கலந்த அறிவியல் மிகுபுனைவில்தான் சிக்கல் தொடங்குகிறது. அங்கே ஒரு பாத்திரத்துக்கு என்ன தெரியும் என்பதைவிட என்ன தெரியாது என்பதே முக்கியமாகிவிடுகிறது. ஐம்பது ஆண்டுகளில் வந்த பாத்திரத் தாள்களில் சிலவற்றை அந்தக் கண்ணோடு பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் சேர்ந்து 1974-ல் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இந்த வகை விளையாட்டுக்கே தொடக்கம். மூன்று பகடைகளை உருட்டிக் கூட்டினால் ஒரு குணம், இப்படி ஆறு குணங்கள். அதிலுள்ள மந்திரவாதி ஒரு மந்திரத்தைச் சொன்னதும் அதை மறந்துவிடுவான், மறுபடி படித்து மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். இந்த வினோத விதி ஜாக் வான்ஸின் ‘தி டையிங் எர்த்’ (1950) கதைகளிலிருந்து வந்தது. சூரியன் அணையப்போகும் கடைசிக் காலத்துப் பூமி அது. அறிவியல் பழையதாகி மந்திரமாகிவிட்ட உலகம். ஆக, குள்ளர்களும் டிராகன்களும் உலவுகிற தூய மிகுபுனைவு என்று நாம் நினைக்கும் விளையாட்டின் மந்திரமே அறிவியல் மிகுபுனைவிலிருந்து எடுத்த கடன்.

அடுத்த ஆண்டே ‘எம்பயர் ஆஃப் தி பெட்டல் த்ரோன்’ வந்தது. எழுதியவர் எம்.ஏ.ஆர். பார்க்கர், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உருது கற்பித்த மொழியியல் பேராசிரியர். அவர் படைத்த டெக்குமெல் ஒரு காலத்தில் மனிதர்கள் விண்கலத்தில் வந்து குடியேறிய கோள். பிறகு ஏதோ ஒரு பேரழிவில் அந்தக் கோள் பிரபஞ்சத்திலிருந்தே பிய்த்துக்கொண்டு போய்விட்டது. இரவு வானத்தில் நட்சத்திரங்கள் இல்லை, மண்ணில் இரும்பு அரிது. பல்லாயிரம் ஆண்டுகள் கழித்து அங்கே பேரரசுகளும் கோயில்களும் குலங்களும் இருக்கின்றன. முன்னோர் விட்டுப்போன சிறு கருவிகளை மக்கள் ‘கண்’ என்று அழைத்து மந்திரப் பொருளாகக் கையாள்கிறார்கள்.

இவ்வளவு அடர்த்தியான உலகத்தைப் புது ஆட்டக்காரர் எப்படிக் கற்றுக்கொள்வார்? பார்க்கரின் தீர்வு இன்றைக்கும் எனக்கு வியப்புதான். பாத்திரம் ஓர் அந்நியன். சிறு படகில் வந்து ஜக்காலா துறைமுகத்தில் இறங்குகிறான். அவனுக்கு ஊர் தெரியாது, மொழி பிடிபடாது. அயலார் குடியிருப்பை விட்டு வெளியே சுற்ற உரிமை கிடையாது. மரியாதைப் பிசகு நேர்ந்தால் கழுவேற்றம் வரை போகலாம். நூறு வரை எண்ணிக்கை தரும் பகடையை உருட்டி வலுவும் அறிவும் அழகும் உளவலிமையும் குறித்துக்கொள்ளலாம், ஆனால் யாரை எப்படிக் கூப்பிடுவது என்பதற்குப் பகடை கிடையாது. டெக்குமெலின் ட்சோலியானி மொழியில் எதிரில் நிற்பவரின் தகுதிக்கேற்ப முன்னிலைச் சொல் மாறிக்கொண்டே போகும். நீ, நீர், நீங்கள், தாங்கள் என்று பார்த்துப் பார்த்துப் பேசிப் பழகிய நமக்கு இது விளங்கும். ஒரே ஒரு ‘யூ’வை வைத்துக்கொண்டு வாழ்ந்த அமெரிக்க ஆட்டக்காரர்கள் பாவம்தான்.

ஆட்டக்காரரின் அறியாமையும் பாத்திரத்தின் அறியாமையும் இங்கே ஒரே அளவு. நடிக்கத் தேவையே இல்லை. இதைவிட நேர்த்தியான தொடக்கத்தை நான் பார்த்ததில்லை. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1991-ல் புனைபெயரில் வெளியான நாஜி ஆதரவு நாவல் ஒன்றை எழுதியவர் பார்க்கர்தான் என்று அவரது படைப்புகளைப் பராமரிக்கும் டெக்குமெல் அறக்கட்டளையே 2022-ல் ஒப்புக்கொண்டது. அந்நியனாக ஒரு கரையில் இறங்குவதை இவ்வளவு நுட்பமாகக் கற்பனை செய்தவர் அவர். அவர் புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் இது உறுத்துகிறது, உறுத்தவும் வேண்டும்.

ஜேம்ஸ் வார்டு எடுத்துக்கொண்டது வேறு வழி. அவருடைய ‘மெட்டமார்ஃபோசிஸ் ஆல்ஃபா’ (1976) முழுக்க வார்டன் என்னும் ராட்சத விண்கலத்துக்குள் நடக்கிறது. கதிர்வீச்சு விபத்தில் பயணிகளில் பெரும்பாலோர் மாண்டார்கள். தலைமுறைகள் கடந்து மிஞ்சியவர்களுக்குத் தாங்கள் இருப்பது ஒரு கலம் என்பதே நினைவில் இல்லை, அதுதான் உலகம் என்று வாழ்கிறார்கள். இங்கே பாத்திரம் மனிதனாக இருக்கலாம், பிறழ்வுற்ற மனிதனாகவோ விலங்காகவோகூட இருக்கலாம். எத்தனை பிறழ்வுகள் என்பதைப் பகடை சொல்லும், அவற்றில் சில வரம், சில சாபம். மேலே கண்ட நான்கு கைக்காரனின் பரம்பரை இதுதான். சில ஆண்டுகளில் வந்த ‘எக்ஸ்பெடிஷன் டு தி பேரியர் பீக்ஸ்’ (1980) வாள்வீரர்களை நொறுங்கிக் கிடக்கும் விண்கலத்துக்குள் அனுப்பியது. கூடவே ஒரு படப் புத்தகத்தையும் தந்தது. பொருளின் பெயரைச் சொல்லாமல் படத்தை மட்டும் ஆட்டக்காரர்களுக்குக் காட்ட வேண்டும். பெயரைச் சொல்லிவிட்டால் வேடம் கலைந்துவிடும் என்பது அதை எழுதிய கைகாக்ஸுக்குத் தெரிந்திருக்கிறது.

எண்பதுகளில் இந்த அறியாமை தாளிலிருந்து கழன்றுபோனது. வெஸ்ட் எண்ட் கேம்ஸின் ‘ஸ்டார் வார்ஸ்’ (1987) திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்கானது. கடத்தல்காரன், தோற்றுப்போன ஜெடை என்று பாதி எழுதிய வார்ப்புகளில் ஒன்றை எடுத்து, மிச்சப் பகடைகளைத் திறன்களுக்குப் பங்கிட்டால் ஐந்து நிமிடத்தில் ஆள் தயார். வேகத்தில் அதை விஞ்ச முடியாது. ‘ரிஃப்ட்ஸ்’ (1990) அதற்கு நேர் எதிர், ஆயிரம் வகையறாக்களின் சந்தைக்கடை. டிராகன் குஞ்சு ஒருவருக்கு, கையில் ஒன்றுமில்லாத நாடோடி இன்னொருவருக்கு, இருவரும் ஒரே குழுவில். ஒரு ‘மெகா டேமேஜ்’ நூறு சாதாரணக் காயத்துக்குச் சமம் என்கிற விளையாட்டில் நாடோடியின் ஆயுள் எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை.

இவற்றுக்கிடையே வந்த ‘ஷேடோரன்’ (1989) மட்டும் கலப்பின் விலையைத் தாளிலேயே எழுதியது. இனம், மந்திரம், குணங்கள், திறன்கள், பணம் ஆகியவற்றுக்கு முன்னுரிமை வரிசை போட வேண்டும். எல்லாவற்றிலும் முதலிடம் கிடைக்காது. அதன் பிறகு ‘எசென்ஸ்’ என்ற எண். எல்லோரும் 6-ல் தொடங்குவார்கள். எந்திரக் கண், எந்திரக் கை என்று உடம்பில் பொருத்தப் பொருத்த அது குறையும், அதோடு மந்திர ஆற்றலும் குறையும். அறிவியலும் மாயமும் ஒரே உடம்புக்குள் சண்டை போடுவதை இதைவிடச் சுருக்கமாக யாரும் கணக்கெழுதியதில்லை. ஆனால் இழந்த கைக்குப் பதிலாகச் செயற்கைக் கை பொருத்திக்கொள்கிறவருக்கும் உயிர்த்தன்மை குறையும் என்கிற அந்தக் கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை.

மான்டி குக்கின் ‘நியூமெனெரா’ (2013) மறுபடி டெக்குமெலின் பாதைக்கு வருகிறது. நூறு கோடி ஆண்டுகளுக்குப் பிந்தைய பூமி. எட்டு பெரும் நாகரிகங்கள் தோன்றி மறைந்த குப்பைமேட்டின் மேல் ஒன்பதாம் உலகம் வாழ்கிறது. காற்றில் கலந்திருக்கும் நுண்ணெந்திரங்களை இயக்குகிறவனை ஊரார் மந்திரவாதி என்கிறார்கள், அவனுக்கே அதற்குமேல் தெரியாமலும் இருக்கலாம். பாத்திர உருவாக்கம் ஒரே ஒரு வாக்கியம். முதலில் ஓர் அடைமொழி, பிறகு ஒரு பெயர், கடைசியில் ஒரு வினை. கூர்மதி, வலிமை, வேகம் போன்ற அடைமொழிகளில் ஒன்று. கிளேவ், நானோ, ஜாக் என்னும் மூன்று பெயர்களில் ஒன்று. எந்திரங்களோடு பேசுவது, நெருப்பு வளையம் சூடுவது, நிலவு கண்டு ஊளையிடுவது போன்ற வினைகளில் ஒன்று. ஒவ்வொரு வினையும் சக ஆட்டக்காரரின் பாத்திரம் ஒன்றோடு ஏதேனும் ஓர் உறவை ஏற்படுத்தச் சொல்கிறது. தனியாளாக யாரும் பிறப்பதில்லை.

இந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் வினை கடைசியில் வந்து நிற்கிறது: இன்னார், இன்னது செய்கிறவர். தமிழில் அது பெயரெச்சமாகி முன்னால் போய்விடுகிறது: “எந்திரங்களோடு பேசும் கூர்மதி நானோ.” ஆளின் பெயர் வருமுன்பே அவன் செய்கை வந்து நின்றுவிடுகிறது. பத்துப்பாட்டுக் காலத்திலிருந்து அடைக்கு மேல் அடையாக அடுக்கிக் கடைசியில் ஆளைக் காட்டிய மொழிக்கு இந்த விளையாட்டு நன்றாகவே பொருந்துகிறது. குறை ஒன்று உண்டு. வாக்கியம் பாத்திரத்தின் ஆற்றலைத்தான் சொல்கிறது, திகைப்பைச் சொல்வதில்லை. திகைப்பு முழுவதும் ஒருமுறை மட்டும் பயன்படும் ‘சைஃபர்’ கருவிகளிடம் போய்விடுகிறது.

பைசோ நிறுவனத்தின் ‘ஸ்டார்ஃபைண்டர்’ (2017) விதிப்படி ஒரு பாத்திரத்தை உட்கார்ந்து உருவாக்கிப் பார்த்தேன். முதல் பதிப்பில் பகடை உருட்ட வேண்டியதில்லை. ஆறு குணங்களும் 10-ல் தொடங்கும், பங்கிடப் பத்துப் புள்ளிகள், எதுவும் 18-ஐத் தாண்டக் கூடாது. இனம் ஷிரென் என்று எடுத்துக்கொண்டேன். பூச்சி வடிவினர். ‘ஸ்வார்ம்’ என்னும் கூட்டு மனத்திலிருந்து பிரிந்து தனி மனம் பெற்றவர்கள், அதனால் எதையாவது தேர்ந்தெடுப்பதே அவர்களுக்குப் போதை. உடலுறுதிக்கும் ஞானத்துக்கும் இரண்டு இரண்டு கூடும், கவர்ச்சியில் இரண்டு குறையும். கருப்பொருள் அர்ச்சகர், ஞானத்துக்கு இன்னொன்று. ஞானம் 13 ஆயிற்று, ஐந்து புள்ளி போட்டு 18 ஆக்கினேன். நான்கை விரைவுக்கும் ஒன்றை உடலுறுதிக்கும் கொடுத்தேன். வகுப்பு மிஸ்டிக். உயிர்ப்புள்ளி இனத்துக்கு 6, வகுப்புக்கு 6, மொத்தம் 12. தாக்குப்பிடிக்கும் புள்ளி 7. கையில் 1000 கிரெடிட். அந்த ஆயிரத்தைச் செலவழிக்க உட்கார்ந்தபோதுதான் மாட்டிக்கொண்டேன். துப்பாக்கிப் பட்டியலையும் கவசப் பட்டியலையும் புரட்டிப் புரட்டி ஒரு மணி நேரம் போய்விட்டது. ஷிரெனின் போதை எனக்கு ஏறிவிட்டிருந்தது.

அந்த உலகத்தின் பெரும் புதிர் ‘இடைவெளி’. வரலாற்றின் ஒரு நீண்ட பகுதி எல்லோர் நினைவிலிருந்தும் ஏடுகளிலிருந்தும் அழிந்துபோயிருக்கிறது. கோலாரியன் என்ற கோளே காணாமல் போய், அது இருந்த இடத்தில் ஒரு விண்நிலையம் சுற்றுகிறது. தெய்வங்கள் வாய் திறப்பதில்லை. அருமையான கற்பனை. ஆனால் என் தாளில் இருந்த அத்தனை கட்டங்களிலும் அந்த இடைவெளிக்கு ஒரு கட்டம்கூட இல்லை. என் அர்ச்சகருக்கு ஞானம் 18, தன் தெய்வம் எதை மறைக்கிறது என்று அவர் நினைக்கிறார் என்பதை எழுத இடமில்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்.

டேனியல் செல்லின் ‘ட்ரொய்கா!’வில் இப்படிப் புள்ளி பங்கிடும் கணக்கே கிடையாது. இரண்டு பகடை, முப்பத்தாறு பின்னணிகள். எது விழுகிறதோ அதுதான் நீங்கள்: தனித்துவிடப்பட்ட மன்னர், குரங்கு வியாபாரி, சிந்திக்கும் எந்திரம், குளத்தை அசுத்தம் செய்வதையே வழிபாடாகக் கொண்ட தேரைத் தெய்வத்தின் பூசாரி. யோங்கார்டி வழக்கறிஞர் என்றும் ஒருவர் உண்டு. அந்த ஊரில் வழக்கு வாளால்தான் தீரும், ஆகவே வாய்தா கிடையாது. ஒவ்வொரு பின்னணிக்கும் சில வரி விளக்கம்தான், அது விளக்குவதைவிட மறைப்பது அதிகம். யோங்கார்டி எங்கே இருக்கிறது என்று புத்தகம் வரைபடம் போடாது, மேசையில் இருப்பவர்களே சொல்லிக்கொள்ள வேண்டும். பார்க்கர் உலகத்தை முழுக்க எழுதிவிட்டு ஆட்டக்காரரை அறியாதவராக்கினார். செல்லோ உலகத்தையே எழுதாமல் விட்டு அதைச் செய்கிறார். இரண்டில் என் மனம் பார்க்கரின் படகுப் பக்கம்தான் சாய்கிறது, ஆனால் சனிக்கிழமை மாலை நண்பர்கள் வந்தால் நான் எடுத்து வைப்பது ‘ட்ரொய்கா!’வை.

அதில் ஓர் ஆளை உருவாக்கிப் பார்க்க வேண்டுமா? வீட்டில் பரமபத அட்டையோடு வந்த பகடை இருக்கும், இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். திறமைக்கு மூன்று பக்கப் பகடையில் விழுந்ததோடு 3 கூட்ட வேண்டும். அப்படியொரு பகடை கடையில் தேட வேண்டாம், ஆறு பக்கப் பகடையை உருட்டிப் பாதியாக்கிக்கொள்வது வழக்கம், பின்னம் வந்தால் மேலே முழுமையாக்கிக்கொள்ளலாம். உடல்வலுவுக்கு இரண்டு பகடையோடு 12, அதிர்ஷ்டத்துக்கு ஒரு பகடையோடு 6. பத்து நிமிட வேலை.