வெளிச்சம் தின்கிற வாட்ச்

சூரிய ஒளியில் ஓடும் முள் வாட்சில் எனக்கு முதலில் பிடித்துப்போனது, அது தன் பசியைச் சொல்கிற விதம். உள்ளே சேர்த்து வைத்த மின்சாரம் குறைந்துவிட்டால், நொடிமுள் நொடிக்கு ஒரு கோடு நகர்வதை விட்டுவிட்டு, இரண்டு நொடிக்கு ஒருமுறை இரண்டு கோடு தாண்டும். நேரம் பிசகாது. மணிமுள்ளும் நிமிடமுள்ளும் ஒன்றும் நடக்காதது போலப் போய்க்கொண்டிருக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு எதுவும் தெரியாது. கட்டியிருப்பவர் குனிந்து பார்த்தால் மட்டும் புரியும். செல்போன் சிவப்பு எழுத்தில் சதவீதம் காட்டி, டொக்கென்று சத்தம் போட்டு, நம்மை பிளக் பாயிண்ட் தேடி அலையவிடுகிறது. இந்த அடக்கத்தை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. சிட்டிசன், சீக்கோ இரண்டு கம்பெனிகளும் இதே இரண்டு நொடித் தாண்டலைத்தான் அடையாளமாக வைத்திருக்கின்றன.

எறையூரில் ஒரு வாட்ச் வெளிச்சத்துக்கு ஏங்குமா என்று கேட்கலாம். பெரம்பலூர் மாவட்டத்து வெயில் யாருக்கும் குறை வைத்ததில்லை. ஆனாலும் ஏங்கும். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டுகிறவர்கள், சோகை கையை அறுக்காமலிருக்க முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்கிறார்கள். நாளெல்லாம் வெயிலில் நிற்கிற ஆளின் மணிக்கட்டில், வாட்ச் மட்டும் சட்டைக்குள் இருட்டில் கிடக்கும். இன்னொரு பக்கம், வளைகுடாவிலிருந்து லீவில் வந்த மச்சான் ஆசையாகக் கொடுத்த வாட்ச். கல்யாணம் காட்சிக்கு மட்டும் கட்டுவதென்று பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் போய்விடுகிறது. முழுதாக நிறைந்த வாட்ச் இருட்டிலேயே ஆறு மாதம் ஓடும் என்பது பல மாதிரிகளுக்குப் பொதுக்கணக்கு. அரைகுறையாக நிறைந்தது அதற்கு முன்பே நின்றுபோகும். ஆவணியில் எடுத்துப் பார்த்து, "வாட்ச் போச்சு" என்பார்கள்.

அதற்குத் தேவை வெளிச்சம்தான், சூடு அல்ல. இந்த ஊரில் இதைப் புரிந்துகொள்வதில்தான் சார்ஜ் ஏற்றும் கலை முழுதும் இருக்கிறது. வெளிச்சத்தை லக்ஸ் என்று அளப்பார்கள். அலுவலக அறையின் வெளிச்சம் சுமார் 500 லக்ஸ். மேகம் மூடிய நாளில் வெட்டவெளி 10,000. நேர் வெயில் ஒரு லட்சம். சிட்டிசனின் பல மாதிரிகளுக்குக் கையேடு தரும் கணக்குப்படி, ஒரு நாள் ஓட்டத்துக்குத் தேவையானதை ஏற்ற 500 லக்ஸில் மூன்று மணி நேரம் வரை ஆகலாம். மேகமூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். நேர் வெயிலில் இரண்டு மூன்று நிமிடம். பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் சட்டைக்கையை ஒரு மடிப்பு மடித்துவிட்டாலே அன்றைய பாடு முடிந்தது. அடியோடு வற்றிய வாட்ச் நிறைவது வேறு கதை. நேர் வெயிலிலேயே பத்து மணி நேரத்துக்கு மேல் கேட்கும் மாதிரிகள் உண்டு.

உடனே அதை மொட்டைமாடித் தளத்தில் வைக்கத் தோன்றும். வேண்டாம். 60 டிகிரிக்கு மேல் சூடேறினால் உள்ளே இருக்கும் பாகங்கள் கெடும். சித்திரையில் காரின் டேஷ்போர்டும், டிராக்டர் பானெட்டும், பைக்கின் பெட்ரோல் டேங்கும் அந்த அளவைத் தொடுவதற்கு அதிக நேரம் பிடிக்காது. குண்டு பல்புக்கும் ஹாலஜனுக்கும் அருகில் வைப்பதும் இதே தப்புதான். கிழக்கு பார்த்த ஜன்னல் கட்டை, காலை ஏழிலிருந்து ஒன்பது வரை, டயல் மேலே பார்க்க: இதைவிட நல்ல இடம் இல்லை. மதியத்தில் திண்ணையின் ஓரமே போதும். இந்த மண்ணில் நிழலிலும் சில ஆயிரம் லக்ஸ் கிடக்கும். குளிர்தேசத்தில் இந்த வாட்ச் கட்டுகிறவர்கள் மார்கழிச் சூரியனுக்குக் காத்திருக்க, நாம் வெயிலை எப்படித் தவிர்ப்பது என்று யோசிக்கிறோம். அளவுக்கு மேல் ஏறிவிடுமோ என்று மட்டும் பயப்பட வேண்டாம். நிறைந்ததும் தடுத்துவிடும் ஏற்பாடு சர்க்யூட்டிலேயே இருக்கிறது.

வேலைப்பாட்டுக்கு வருவோம். ஒளியில் ஓடும் முதல் முள் வாட்சை சிட்டிசன் 1976இல் வெளியிட்டது. கிறிஸ்ட்ரான் சோலார் செல் என்று பெயர். அதில் சூரியத் தகடுகள் டயல் மேலேயே பளிச்சென்று தெரிந்தன. அதிசயம்தான், அழகு என்று சொல்ல மாட்டேன். அந்தத் தகட்டைக் கண்ணிலிருந்து மறைப்பதுதான் அதற்குப் பிந்தைய ஆண்டுகளின் வேலையாக இருந்தது. 1995இல் எக்கோ-டிரைவ் என்ற பெயர் வந்தபோது தகடு டயலுக்குக் கீழே போய்விட்டிருந்தது. சொல்வது சுலபம். சிலிக்கான் தகட்டின் நிறம் கருஞ்சிவப்பும் பழுப்பும் கலந்தது. அதை மூடுகிற டயல், கீழே ஒளியை விடவும் வேண்டும், அடியில் இருக்கும் நிறத்தை மேலே காட்டவும் கூடாது. கறுப்பு டயலில் தப்பித்துக்கொள்ளலாம். சுத்த வெள்ளை டயலில்தான் கைத்திறன் தெரியும். பழைய மாதிரிகள் சிலவற்றை வெயிலில் லேசாகச் சாய்த்தால், தகட்டைப் பங்கு பிரிக்கும் மெல்லிய குறுக்குக் கோடுகள் டயலுக்கு அடியில் நிழலாடும். அதைக் குறை என்பார்கள். எனக்கு அது பிடிக்கும்.

இந்த வித்தையின் உச்சம் என்று நான் நினைப்பது, ஜப்பானின் தோசா வாஷி என்னும் கைக்காகிதத்தையே சிட்டிசன் டயலாக வைத்ததை. காகித இழைகளின் ஊடே புகுந்த வெளிச்சத்தில் வாட்ச் ஓடுகிறது. 2019இல் வந்த கேலிபர் 0100 வருடத்துக்கு ஒரு நொடிக்கு மேல் பிசகாது. அதுவும் ஒளியில் ஓடுவதே. நம் கைக்கு அது எட்டாத விலை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சிட்டிசன் நமக்குப் புதுப் பெயரும் அல்ல. 1961இல் பெங்களூரில் எச்எம்டி வாட்ச் செய்யத் தொடங்கியது அவர்கள் கூட்டோடுதான். தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. டாடாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் 1984இல் சேர்ந்து தொடங்கிய டைட்டன், தன் ஆலையை ஓசூரில் வைத்தது; 2010களின் தொடக்கத்தில் எச்டிஎஸ்இ என்ற பெயரில் ஒளியில் ஓடும் வாட்சுகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விண்கலச் சாயலில் இருந்த அந்த டயல்கள் என் ரசனைக்குக் கொஞ்சம் ஆர்ப்பாட்டம்.

நேரம் வைப்பதில் நம் கைக்கு இன்னும் வேலை மிச்சம் இருக்கிறது. ஜப்பான், அமெரிக்கா, ஜெர்மனி போன்ற நாடுகளில் வானொலி அலை வழியாக நேரத்தைத் தானே வாங்கிக்கொள்ளும் வாட்சுகள் உண்டு. அந்த அலை இங்கே கிடையாது. 2012இல் வந்த சீக்கோ அஸ்ட்ரான் போல ஜிபிஎஸ் செயற்கைக்கோளைக் கேட்பவற்றை விட்டுவிட்டால், எறையூரில் சாவியை இழுத்துத் திருப்பித்தான் ஆக வேண்டும். மச்சான் கொடுத்தது துபாய் நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ள வேண்டும்.

சாவியை ஒரு கிளிக் இழுத்தால் தேதி; இரண்டாவது கிளிக்கில் முட்கள். இரவு ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை தேதியைக் கையால் திருப்பக் கூடாது. அந்நேரம் தேதிச் சக்கரத்தைப் பல்சக்கரம் பிடித்துத் தள்ளிக்கொண்டிருக்கும். இடையில் நாம் புகுந்தால் பல் தேயும். முட்களைச் சுற்றும்போது தேதி எந்தப் பன்னிரண்டில் மாறுகிறது என்று பாருங்கள், நடுராத்திரி அதுதான். இதைப் பார்க்காமல் வைத்துவிட்டுத்தான் பலர் மத்தியானத்தில் தேதி மாறுகிறது என்று குறைப்படுகிறார்கள். நொடிமுள் 12இல் வந்து நிற்கும்போது சாவியை இழுக்க வேண்டும். பிறகு நிமிடமுள்ளை வேண்டிய இடத்துக்கு நான்கைந்து நிமிடம் தாண்டிக் கொண்டுபோய், அங்கிருந்து மெதுவாகப் பின்னுக்குக் கொண்டுவந்து கோட்டின் மேல் உட்கார வைக்க வேண்டும். பல்சக்கரங்களுக்கு இடையே இருக்கும் தளர்ச்சி இதில் எடுபட்டுவிடும். நொடிமுள் 12ஐத் தொடும்போது நிமிடமுள் கோட்டுக்கு நடுவே தொங்காது. வானொலிச் செய்திக்கு முன்பு வரும் கடைசி பீப்புக்கோ, போனில் நொடி புரளும்போதோ சாவியை அமுக்கினால் முடிந்தது. மாதத்துக்கு 15 நொடி வரை முன்பின் போவது இந்த வாட்சுகளுக்கு அனுமதிக்கப்பட்ட பிசகு. முப்பத்தொன்று இல்லாத மாதங்கள் ஐந்து என்பதால், வருடத்தில் ஐந்து தடவை தேதிக்காகச் சாவியைத் தொடத்தான் வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையை, மிர்சாபூர்ப் பக்கத்துச் சூரியனை, வைத்துக் கணக்கிடப்படுகிறது. எறையூர் இருப்பது ஏறத்தாழ 79 டிகிரியில். ஆகவே நம் தலைக்கு மேல் உச்சிப்பொழுது சராசரியாக 12 மணி 14 நிமிடத்துக்குத்தான் வரும். அதிலும் நவம்பர் தொடக்கத்தில் 12 மணிக்குச் சற்று முன்பே வந்துவிடும். பிப்ரவரி நடுவில் 12.28 வரை தள்ளிப்போகும். வாட்ச் தின்பது எறையூர் வெயிலை, சொல்வது மிர்சாபூர் நேரத்தை. ஏப்ரல் 20ஐ ஒட்டி இங்கே சூரியன் நேர் உச்சிக்கு வரும் நாளில் ஒரு குச்சியை நட்டு, நிழல் காலடியில் ஒடுங்கும்போது வாட்சைப் பாருங்கள். பன்னிரண்டைத் தாண்டிக் கால் மணி ஆகியிருக்கும்.

நின்றுபோன வாட்சைக் கடைக்குக் கொண்டுபோனால், "தம்பி, செல் போயிருக்கும், மாத்திடலாமா?" என்று கேட்பார்கள். மற்ற வாட்சுகளுக்குச் சரியான கேள்விதான். இதற்குள் இருப்பது திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்கும் லித்தியம் செல். பல வருடம் உழைப்பது. அந்த இடத்தில் சாதாரண சில்வர் ஆக்சைடு செல்லைப் போட்டால், சூரியத் தகடு அதற்குள் மின்சாரத்தைத் தள்ளும். செல் ஒழுகும், வெடிக்கவும் கூடும். மூடியைத் திறக்கச் சொல்வதற்கு முன் வாட்சை இரண்டு மூன்று நாள் ஜன்னல் வெளிச்சத்தில் வையுங்கள். ஓடத் தொடங்கியும் நொடிமுள் ஒழுங்கில்லாமல் தத்தினால், நேரத்தைத் திருத்தி வைக்கச் சொல்கிறது என்று அர்த்தம். பழுது என்று நினைத்துவிடாதீர்கள்.