கட்டாயப் படைச்சேவையின் முடிவும் மலாயாவைக் கண்ட இரு நாவல்களும்

பிரிட்டனில் கட்டாயப் படைச்சேவை ஒழிந்த வரலாற்றை அந்நாட்டார் பெரும்பாலும் தங்கள் வீட்டுக் கதையாகவே எழுதி வருகின்றனர். 1957ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் பாதுகாப்பு அமைச்சர் டங்கன் சாண்டிஸ் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, 1960 இறுதியோடு இளைஞரைப் படைக்கு அழைப்பது நின்றுவிடும் என அறிவித்தது. கடைசியாகச் சேர்ந்தவர்கள் 1963 மே திங்களில் விடுவிக்கப்பெற்றனர். மலாயாவில் 1948 ஜூனில் தொடங்கிய அவசரகாலம் நீங்கியதும் அதே 1960ஆம் ஆண்டு ஜூலையில்தான். இவ்விரண்டு முடிவுகளையும் அருகருகே வைத்து நோக்குவோர் சிலரே. நாம் நோக்கியாக வேண்டும். ஏனெனில், அழைப்பாணை பெற்ற அப்பிள்ளைகளுள் பலர் வந்திறங்கிய இடம் நம் பெற்றோர் பால்மரம் வெட்டிய தோட்டங்களின் ஓரம்.

அச்சேவை ஒழிந்ததற்கு அரசின் மனமாற்றத்தைக் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. 1956இல் சூயசில் பட்ட அவமானமும், பெருகிய செலவும், இனி அணுகுண்டே காவல் என்னும் கணக்குமே அதனை ஒழித்தன. ஏறத்தாழ 6,90,000 பேராக இருந்த படையை 1962 முடிவிற்குள் 3,75,000 ஆக்குவது என்பதே அறிக்கையின் திட்டம். மனச்சான்றின் குரலைக் கேட்க விரும்புவோர் அரசாங்க ஏடுகளை விடுத்து இலக்கியத்திடந்தான் செல்ல வேண்டும். அவ்வாறு சென்ற நான் படித்தவை இரண்டு நாவல்கள்.

ஒன்று, லெஸ்லி தாமஸ் 1966இல் வெளியிட்ட ‘த வெர்ஜின் சோல்ஜர்ஸ்’. ஆசிரியர் 1949 முதல் 1951 வரை சிங்கப்பூரில் படையின் சம்பளப் பிரிவில் எழுத்தராகப் பணியாற்றியவர். அவருடைய பிரிக் என்னும் நாயகனும் எழுத்தன்தான். துப்பாக்கியைவிடப் பேரேட்டையே மிகுதியும் தூக்கிய இப்படைவீரர்களின் சலிப்பும், வெயிலும், பெண்ணாசையும், சாவச்சமும் நகைச்சுவையோடு சொல்லப்பெறுகின்றன. நகைச்சுவை மெய்யானது, மறுப்பதற்கில்லை. பதினெட்டு மாதம் என்று அழைக்கப்பட்டவர்களின் காலம், கொரியப் போரை முன்னிட்டு 1950 அக்டோபரில் இரண்டாண்டாக நீட்டப்பட்டது. விருப்பமின்றி வந்தவனிடம் மேலும் ஆறு மாதத்தைக் கேட்டுப் பெறுகின்ற ஓர் அரசின் முன்னே, சிரிப்பைத் தவிர அவனுக்கு வேறு படைக்கலம் ஏது?

ஆயினும் அந்நாவலை மூடி வைத்தபின் ஒரு குறை நெஞ்சில் தங்கிவிடுகிறது. அதில் இந்நாட்டு மக்கள் பெரும்பாலும் திரைச்சீலையில் தீட்டிய உருவங்களாகவே நிற்கின்றனர். அஞ்சியவன் யார் என்பது தெரிகிறது. அவனைக் கண்டு அஞ்சியவர் யார் என்பது தெரியவில்லை.

என் தந்தையார் அந்நாளில் தோட்டத்தில் பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவர். காட்டிலிருந்தோர்க்கு உணவு சென்றுவிடலாகாது என்பதற்காக, வெட்டுக்குப் போவோரின் தூக்குச்சட்டிகளைத் தோட்டத்து வாயிலில் திறந்து பார்ப்பார்களாம். ஒருநாள் என் பாட்டியாரின் சட்டியைத் திறந்த வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு மீசையும் சரியாக அரும்பவில்லை என்பார் தந்தையார். “கை நடுங்கிச்சுப்பா அவனுக்கு. எங்களுக்கும் நடுங்கிச்சு,” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார். தாமஸ் அந்த முதல் நடுக்கத்தை நன்கு அறிந்தவர்.

இரண்டாவது நாவல், ஆலன் சில்லிட்டோவின் ‘கீ டு த டோர்’. அழைப்பு நின்ற மறு ஆண்டாகிய 1961இல் வெளிவந்தது. நாட்டிங்ஹாம் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சில்லிட்டோ, விமானப் படையில் கம்பியில்லாத் தந்தியாளராக மலாயாவில் இருந்தவர். அவர் படைத்த பிரையன் சீட்டனும் அத்தகையவனே. நூலின் பெரும்பகுதி அவனது வறுமை மிகுந்த இளமையைக் கூறுவது. அது நீள்கிறது என்று சலிப்போர் உண்டு. எனக்கு அந்நீட்சி தேவையாகவே படுகிறது. பசியை அறிந்த ஒருவன் காட்டில் ஒரு கம்யூனிஸ்டு கொரில்லாவை நேருக்கு நேர் காண்கிறான், கொல்லாமல் போகவிடுகிறான். முற்பகுதியின் பசி இல்லையேல் பிற்பகுதியின் இச்செயல் வெறும் கொள்கை முழக்கமாய்ப் போயிருக்கும். சட்டம் அவன் உடலை எடுத்துக்கொண்டது. விரலை அவன் தனக்கென வைத்துக்கொண்டான்.

இவ்விடத்தில் திறனாய்வாளன் வரலாற்றையும் பார்க்கக் கடமைப்பட்டவன். 1948 டிசம்பர் 12ஆம் நாள், சிலாங்கூர் பத்தாங் காலியில் ஒரு ரப்பர் தோட்டத்தில், ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் ஆயுதம் ஏந்தாத 24 பேரைச் சுட்டுக் கொன்றனர். அப்படைப் பிரிவிலும் கட்டாயச் சேவைக்கு வந்த இளைஞர் இருந்தனர். 1970இல் அவர்களுட் சிலர் பிரிட்டிஷ் செய்தித்தாள் ஒன்றிடம் நடந்ததை ஒப்புக்கொண்டனர். 2015இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், விசாரணை நடத்தும் சட்டக் கடமை அரசுக்கு இல்லை என முடிவு கூறியது. சீட்டனைப் போகவிட வைத்த சில்லிட்டோவின் கற்பனை உயர்ந்தது. ஆனால் விசையை இழுத்தவனின் உள்ளத்தில் புகுந்து பார்க்கும் கடினமான பணியை அவரும் மேற்கொள்ளவில்லை. தாமஸோ அத்திசையையே நோக்கவில்லை. கட்டளைக்குப் பணிந்து சுட்டுவிட்டு, இருபது ஆண்டுக்குமேல் வாய்மூடி வாழ்ந்தவனைப் பற்றிய நாவல் அல்லவா அழைப்பாணையின் முழு விலையையும் காட்டியிருக்கும்?

தாமஸின் நாவல் வெளிவந்த மறு ஆண்டு, 1967இல், சிங்கப்பூர் தன் இளைஞர்க்குத் தேசிய சேவையைக் கட்டாயமாக்கியது. தன் மண்ணைக் காக்கச் செல்லுதலும் அயலான் மண்ணை ஆளச் செல்லுதலும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே தட்டில் நிறுத்தும் எண்ணம் எனக்கில்லை. ஆயினும் பதினெட்டு வயதுக் கையின் நடுக்கம் எங்கும் ஒன்றுதான்.

ஆசிரியப் பயிற்சி பெறும் இளைஞர் சிலரிடம் சில்லிட்டோவின் காட்டுப் பகுதியைக் கொடுத்து, தத்தம் வீட்டு முதியோரிடம் அவசரகாலம் பற்றிக் கேட்டு எழுதி வருமாறு அண்மையில் பணித்திருக்கிறேன். ஒருவர் மட்டும் இதுவரை எழுதிக் கொணர்ந்துள்ளார். அவருடைய பாட்டியார் சொன்னது இரண்டு பக்கம். அதிலும் ஒரு தூக்குச்சட்டி இருக்கிறது.