அல்பேனியாவில் பொதுவுடைமை மீளுமா?

வீழ்ந்த ஆட்சி மீண்டும் எழுமா என்னும் கேள்வி, அது வீழ்ந்த மறுநாளே பிறந்துவிடுகிறது. வென்றவர்கள் அச்சத்தோடு கேட்கிறார்கள். தோற்றவர்கள் நம்பிக்கையோடு கேட்கிறார்கள். இருவருக்கும் நடுவே நின்று, நடந்ததை நடந்தபடி சொல்லி, இக்கேள்வியை நம் முன் வைக்கும் நூல்கள் சிலவே. அத்தகைய நூல் ஒன்றை அண்மையில் படித்தோம். அல்பேனியாவில் பிறந்து வளர்ந்து, இன்று இலண்டனில் அரசியல் தத்துவம் கற்பிக்கும் லேயா யூபி என்னும் பெண்மணி 2021ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘ஃப்ரீ’ என்னும் தன்வரலாறே அது. விடுதலை பெற்றவள் என்பது அப்பெயரின் பொருள். அப்பெயர் பெருமிதமா, ஏளனமா என்பது நூலை முடித்த பின்னரே நமக்குப் புலனாகிறது.

நூலுக்குள் நுழையுமுன் அந்த நாட்டைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல வேண்டும். பால்கன் பகுதியில், அட்ரியாட்டிக் கடலோரத்தில் அமைந்த சிறிய நாடு அல்பேனியா. பரப்பு 28,748 சதுர கிலோமீட்டர். மக்களில் பெரும்பாலோர் தலைமுறை தலைமுறையாக முஸ்லிம் மரபில் வந்தவர்கள். 1944 முதல் 1985 ஏப்ரலில் இறக்கும் வரை அந்நாட்டைத் தம் கைக்குள் வைத்திருந்தவர் என்வர் ஹோஜா. என்வர் என்பது நம் வீடுகளில் வழங்கும் அன்வர் என்னும் பெயரே. ஹோஜா என்பதோ துருக்கி மொழியில் மார்க்கம் கற்பிக்கும் ஆசானைக் குறிக்கும் சொல். அந்தப் பெயரைச் சுமந்தவரின் ஆட்சியில்தான் 1967இல் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் மூடப்பட்டன. உலகின் முதல் நாத்திக நாடு தாங்களே என்று பறைசாற்றப்பட்டது. 1976ஆம் ஆண்டின் அரசியல் சட்டத்திலும் மத மறுப்பு எழுதி வைக்கப்பட்டது. 1948இல் யூகோஸ்லாவியாவோடும், 1961இல் சோவியத் ஒன்றியத்தோடும், 1978இல் சீனாவோடும் உறவு முறிந்தது. நட்பு நாடென்று எவரும் எஞ்சாத நிலையில், வராத பகைவனை எதிர்நோக்கி வயல்களிலும் கடற்கரைகளிலும் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட கான்கிரீட் பதுங்கறைகள் எழுந்தன.

இந்த நாட்டில் 1979இல் பிறந்த ஒரு பெண் குழந்தையின் கண்வழியாகவே நூலின் முற்பகுதி செல்கிறது. குழந்தைக்கு ஹோஜா ‘என்வர் மாமா’. அவருடைய படம் தன் வீட்டுச் சுவரில் மட்டும் ஏன் இல்லை என்பது அவளுடைய தீராத ஏக்கம். 1990 டிசம்பரில் தெருவில் ஆர்ப்பாட்டக் கூச்சலைக் கேட்டு அஞ்சி ஓடியவள், ஸ்டாலின் சிலையைக் கட்டி அணைத்துக்கொள்கிறாள், நிமிர்ந்து பார்க்கிறாள், சிலைக்குத் தலை இல்லை. நூலின் தொடக்கமே இதுதான். ஓர் ஆட்சியின் முடிவை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

ஆனால் நம்மை உலுக்கியது சிலையன்று. அந்த வீட்டின் பேச்சு. உறவினர் பலர் ‘பல்கலைக்கழகம்’ சென்றதாகப் பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். இன்னார் பட்டம் பெற்றுவிட்டார், இன்னார் வெளியேற்றப்பட்டார், இன்னாருக்கு வாய்த்த ஆசிரியர் மிகக் கண்டிப்பானவர் என்றெல்லாம் உரையாடல் நடக்கும். குழந்தையும் தன் குடும்பம் கற்றோர் குடும்பம் என்று மகிழ்ந்திருப்பாள். 1990இல் ஒரு கட்சி ஆட்சி முடிந்த பிறகே உண்மை அவளுக்குச் சொல்லப்படுகிறது. பல்கலைக்கழகம் என்றால் சிறை; பாடப்பிரிவு என்றால் குற்றச்சாட்டு; பட்டம் என்றால் விடுதலை; வெளியேற்றம் என்றால் மரணம். அவளுடைய பாட்டனார் அந்தப் ‘பல்கலைக்கழக’த்தில் 15 ஆண்டுகள் இருந்தவர். 1921இலிருந்து 1922 வரை நாட்டின் பிரதமராக இருந்த ஜாஃபர் யூபி, பள்ளியில் துரோகி என்று கற்பிக்கப்பட்டவர், அவளுடைய முப்பாட்டனார். வெறும் பெயர் ஒற்றுமை என்றே அதுவரை அவளிடம் சொல்லி வந்தார்கள்.

பெற்றோர் பொய் சொன்னார்கள். பிள்ளை உயிரோடு வளர வேண்டும் என்பதற்காகச் சொன்னார்கள். பகலில் பள்ளிக்கூடம் ஊட்டியதை இரவில் வீடு மறுக்க முடியாத நாடு அது. ஆட்சியின் கொடுமையை அளக்கச் சிறைகளின் எண்ணிக்கையைத் தேட வேண்டியதில்லை. தாய் தன் மகளிடம் உண்மை பேச அஞ்சினாள் என்ற ஒன்றே போதும். இந்தப் பகுதியை எழுதியதில் ஆசிரியர் அடைந்திருக்கும் வெற்றி முழுமையானது. எங்கும் குரலை உயர்த்தவில்லை. கண்ணீரை வரவழைக்க முயலவில்லை. காலிக் கோக்கோ கோலா தகரக் குவளையொன்று அலங்காரப் பொருளாகி, அண்டை வீட்டாரோடு பகை மூட்டுவதை அவர் சொல்லும்போது சிரிக்கிறோம். சிரித்து முடிக்குமுன் நெஞ்சு கனக்கிறது.

இனி நம் கேள்விக்கு வருவோம். பொதுவுடைமை அங்கே மீளுமா?

பெயரளவில் பார்த்தால் அந்தக் கட்சி எப்போதோ மீண்டுவிட்டது. 1991 பிப்ரவரி 20இல் தலைநகர் திரானாவில் ஹோஜாவின் சிலையை மக்கள் வீழ்த்தினார்கள். அடுத்த மாதமே நடந்த தேர்தலில் அவருடைய தொழிற்கட்சியே மூன்றில் இரு பங்கு இடங்களை வென்றது! சூன் மாதத்தில் அது சோசலிஸ்டுக் கட்சி என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1992இல் தோற்றது, 1997இல் மீண்டும் ஆட்சியைப் பிடித்தது. 2013 முதல் எடி ராமாவின் தலைமையில் தொடர்ந்து வென்று, 2025 மே மாதத்தில் நான்காம் முறையும் வாகை சூடியது. ஆயினும் மீண்ட கட்சி பழைய ஆட்சியைக் கொண்டுவரவில்லை. பள்ளிவாசல்களைப் பூட்டவில்லை, சொத்துகளைப் பறிக்கவில்லை, எல்லைகளை அடைக்கவில்லை. ஹோஜாவின் நினைவாக 1988இல் கட்டிய கூம்பு வடிவ அருங்காட்சியகம், 2023இல் இளைஞர்கள் தொழில்நுட்பம் பயிலும் இடமாகத் திறக்கப்பட்டது.

கட்சி வேறு, கொள்கை வேறு, மக்களின் ஏக்கம் வேறு. இம்மூன்றையும் ஒன்றாக்கிப் பேசுவோரே இக்கேள்வியில் வழி தவறுகிறார்கள். ஏக்கம் எங்கிருந்து பிறக்கிறது என்பதை நூலின் பிற்பகுதி காட்டுகிறது. விடுதலை வந்தது, அதோடு வேலையின்மையும் வந்தது. 1991 ஆகஸ்டில் விளோரா என்னும் ஒரே கப்பலில் ஏறத்தாழ 20,000 பேர் துர்ரஸ் துறைமுகத்திலிருந்து இத்தாலியின் பாரி நகருக்குச் சென்றார்கள். அவர்களில் மிகப் பலர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வெளியேற விடாத ஆட்சியைக் குறை கூறிய நாடுகளே, வெளியேறியவர்கள் வந்தபோது கதவைச் சாத்தின. ஆசிரியரின் தந்தை அதே துறைமுகத்தின் தலைமைப் பொறுப்பில் அமர்ந்தபோது, பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குத் தாம் அறிந்திருந்த ஏழை ரோமா தொழிலாளர்களை வேலையிலிருந்து நீக்குமாறு வற்புறுத்தப்பட்டார். சீர்திருத்தம் என்று அதற்குப் பெயர்.

பிறகு 1997. அதிக வட்டி தருவதாக ஆசை காட்டிய பணச் சேர்ப்பு நிறுவனங்கள் சரிந்தன. நாட்டு மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் அவற்றில் பணம் போட்டிருந்தார்கள். அரசே நிலைகுலைந்தது, ஆயுதக் கிடங்குகள் சூறையாடப்பட்டன, ஏறத்தாழ 2,000 பேர் மாண்டனர். யூபியின் தாய் மகனை அழைத்துக்கொண்டு இத்தாலிக்குக் கப்பலேறினார். ஆசிரியையாக இருந்தவர் அங்கே பிறர் வீட்டில் வேலை செய்தார். இத்தகைய நாளில் ஒரு முதியவர், அந்தக் காலத்தில் வேலையாவது இருந்தது, இரவில் அச்சமின்றிக் கதவைத் திறந்து வைக்கலாம் என்று பெருமூச்சு விட்டால், அவர் சிறைகளை விரும்புகிறார் என்றா பொருள்? ஒரு வாய் உணவையும் ஓரளவு மதிப்பையும் கேட்கிறார். புதிய ஆட்சி அதைக் கொடுக்கத் தவறும்போதெல்லாம் பழைய ஆட்சி அழகாகத் தோன்றத்தான் செய்யும்.

இவ்வளவும் ஒப்புக்கொண்டு, நூலாசிரியரோடு நாம் மாறுபடும் இடத்தையும் சொல்ல வேண்டும். இரு காலங்களையும் ஏறத்தாழ ஒரே தட்டில் வைத்து நிறுக்க அவர் முற்படுகிறார். ஒன்று பொய்த்தது, மற்றொன்றும் பொய்த்தது என்பது அவர் கணக்கு. இன்று அவர் மார்க்சைக் கற்பிக்கிறார். அதைத் தாயால் புரிந்துகொள்ள முடியவில்லை என்பதையும், பேத்தி சோசலிசத்துக்காக வாதாடுவதற்காகவா பாட்டனார் 15 ஆண்டு சிறையிலிருந்தார் என்று உறவினர் ஒருவர் கேட்டதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்த நேர்மையைப் போற்றுகிறோம். ஆனால் அந்த உறவினரின் கேள்விக்கு நூலில் நிறைவான விடை கிடைக்கவில்லை. 1997இன் துயரைப் பற்றித் தந்தையும் தாயும் மகளிடம் வாய்விட்டுப் பேச முடிந்தது. 1980இன் துயரைப் பற்றிப் பேச முடியவில்லை. வேலை இழந்தவன் தெருவில் நின்று கூக்குரலிடலாம். ‘பல்கலைக்கழகம்’ சென்றவனுடைய மனைவி அழவும் கூடாது. இவ்வேறுபாடு சிறியதன்று. தட்டுகள் சமமாக நிற்கமாட்டா.

இன்னொரு குறை. முஸ்லிம் மரபில் வந்த குடும்பத்தின் கதையில், மூடப்பட்ட பள்ளிவாசலுக்குரிய இடம் மிகச் சிறிது. 23 ஆண்டுகள் பாங்கோசை கேட்காத மண்ணில் நம்பிக்கை எப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது என்று அறிய விரும்பும் நம்மைப் போன்ற வாசகருக்கு அது ஏமாற்றமே.

அப்படியானால் முடிவு என்ன? பழைய ஆட்சி பழைய உருவில் மீள வழியில்லை என்றே எண்ணுகிறோம். ஹோஜாவின் ஆட்சி அடைக்கப்பட்ட எல்லையின் மேல் எழுந்தது. 1989இல் 31 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த நாட்டில் 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 24 இலட்சம் பேரே எஞ்சியுள்ளனர். பிறந்தது குறைந்ததோடு, பெருந்தொகையானோர் இத்தாலியிலும் கிரேக்கத்திலும் பிற நாடுகளிலும் குடியேறிவிட்டனர். அண்ணன் வெளிநாட்டிலிருந்து நாள்தோறும் பேசும் வீட்டில், உலகமே நம்மைப் பார்த்துப் பொறாமைப்படுகிறது என்று தம்பியை நம்பவைக்க இயலாது.

ஆனால் ஆட்சி மீளாவிட்டாலும் அதன் வழக்கம் மீளக்கூடும். எதிர்த்துக் கேட்க ஆளில்லாத தலைவன், பேச அஞ்சும் வீடு, மறதியில் வளரும் பிள்ளை ஆகியவற்றுக்குச் செங்கொடி தேவையில்லை. எந்தக் கொடியின் கீழும் அவை செழிக்கும். இரகசியப் போலீசின் கோப்புகளைப் பாதிக்கப்பட்டோர் பார்க்க வழிசெய்யும் சட்டம் 2015இல்தான் அங்கே வந்தது. யூபியின் அடுத்த நூல் 2025இல் வெளிவந்தது. இளமைக் காலத்தில் எடுத்த பாட்டியின் படம் ஒன்று இணையத்தில் வெளியாகி, முன்பின் அறியாதவர்களின் வசைக்கு ஆளானதைக் கண்டு, உண்மையைத் தேடி அவர் ஆவணக் காப்பகங்களின் படியேறுகிறார். வீட்டில் பேசப்படாத வரலாற்றைத் தெரு தன் விருப்பம்போல் பேசிவிடுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1990 நவம்பரில் ஷ்கோதர் நகரத்தின் பழைய பள்ளிவாசலில், 20 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்த ஹாஃபிழ் ஸப்ரி கோச்சி ஜும்ஆத் தொழுகையை நடத்தினார். பொதுத் தொழுகையையே கண்டிராத ஒரு தலைமுறை அதற்குள் வளர்ந்து ஆளாகியிருந்தது. ஆட்சி பள்ளிவாசல்களைப் பூட்டியது, நூல்களைப் பறித்தது. ஒரு மனிதர் நெஞ்சில் மனனம் செய்து வைத்திருந்ததை அதனால் பறிக்க முடியவில்லை. பொதுவுடைமை மீளுமா என்று கேட்பவர்கள் தேர்தல் முடிவுகளைப் பார்க்கட்டும். அதோடு வீடுகளுக்குள்ளும் பார்க்கட்டும். நடந்ததைப் பெரியவர்கள் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொல்லும் வரையில் அது மீளாது.