அரம் பிடித்த கை

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 1978-இல் மேல்நிலை வகுப்புகள் வந்தபோது கூடவே வந்தது தொழிற்கல்விப் பிரிவு. மதிப்பெண் குறைந்தவர்கள் ஒதுங்கும் இடம் என்று அதைச் சொல்பவர்கள் ஒருமுறை அதன் பட்டறைக்குள் போய் நிற்க வேண்டும்.

வைஸில் இறுக்கிய இரும்புத் துண்டு. அரத்தின் கைப்பிடி வலக்கையில், நுனி இடக்கையில். முன்னே தள்ளும்போதுதான் அழுத்தம். பின்னே இழுக்கும்போதும் அழுத்தினால் பற்கள் மழுங்கிவிடும். கொஞ்சம் ராவியதும் மூலைமட்டத்தை விளிம்பில் வைத்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்க வேண்டும். ஒளி கசிகிற இடம் பள்ளம். ஒட்டி நிற்கிற இடம் மேடு. அங்கேதான் மறுபடி ராவ வேண்டும். எந்தப் பேச்சுக்கும் மசியாத தேர்வு இது. "எனக்கும் கொஞ்சம் பாருடா" என்று பக்கத்துப் பையனிடம் துண்டை நீட்டும்போது பிறக்கிற சிநேகம், வகுப்பு பெஞ்சில் அவ்வளவு சீக்கிரம் பிறப்பதில்லை.

1948-இல் பிறந்த அசோக் லேலண்டின் ஆலை எண்ணூரிலும், 1955-இல் என்ஃபீல்டு திருவொற்றியூரிலும் தொடங்கிய மண் இந்த வடசென்னை. அப்பாவோ மாமாவோ லேத்தில் நின்ற வீடுகள் இங்கே ஏராளம். அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியில் ஓர் அரம்கூடக் கைக்கு எட்டாமல் போவது அநியாயம். வடசென்னைப் பெற்றோர்களே, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பட்டறை வேண்டுமென்று கேளுங்கள்.