பழைய கீதமும் பழைய வழக்கமும்

இளம்பிராயத்தில் வானொலியருகே அமர்ந்து பிரியமான பாடல்களுக்காகக் காத்திருந்த ஒருவரின் ஞாபகங்களாக, ரிச்சர்டு கார்ப்பென்டரும் ஜான் பெட்டிசும் இயற்ற, கரேன் கார்ப்பென்டர் தம் கனிந்த குரலில் பாட, 1973-இல் வெளிவந்த ‘யெஸ்டர்டே ஒன்ஸ் மோர்’ என்னும் கீதம், கடந்தகால வழக்கங்களை ஆங்கிலத்தில் சொல்லும் முறையைப் பிள்ளைகளுக்குப் போதிக்க எத்தனை உத்தமமான சாதனம்! அதன் தொடக்கத்திலேயே ‘வுட்’ என்னும் துணைவினை குறுகி ஒலித்து, என்றோ ஒருநாள் நிகழ்ந்ததையன்றி, மீண்டும் மீண்டும் நிகழ்ந்ததைக் குறிக்கிறது.

மலேசியாவின் பாயா ரும்புட் வட்டாரத்துத் தமிழ்ப் பிள்ளைக்கு இது அந்நியமான விஷயமன்று. ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்த பாட்டி, “விடியுமுன்னே ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போவோம், மரம் வெட்டுவோம், மங்குல சேர்ந்த பாலை வாளியில ஊத்தித் தூக்கிட்டு வருவோம்” என்று, எதிர்கால வடிவத்தைக் கொண்டே இறந்தகால வழக்கத்தை வர்ணிக்கிறாள். ‘வில்’ என்பதன் இறந்தகால வடிவமாகிய ‘வுட்’டும் ஏறக்குறைய அவ்வண்ணமே தொழிற்படுகிறது. இத்தகைய ஒற்றுமை கைவசம் இருக்க, வெறும் சூத்திரத்தை மனனம் செய்விப்பது வீண் சிரமமே.

ஒரு பேதத்தை மட்டும் வற்புறுத்த வேண்டும்: முன்பு அங்கே தொழிலாளர் குடியிருப்பான லயம் இருந்தது என்பது போன்ற நிலைகளுக்கு ‘வுட்’ பொருந்தாது, ‘யூஸ்டு டு’ செயல், நிலை இரண்டிற்கும் பொருந்தும்.

ஆசிரியப் பெருமக்களே, கீதத்தைக் கேட்பித்த பின், பாட்டி தாத்தாவிடம் விசாரித்து வந்த பழைய வழக்கங்களை ஆங்கிலத்தில் எழுதுமாறு பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.