ஒரு சாளரமும் பதினான்கு ஆண்டுகளும்

கலைக்குரிய பொருளைத் தொலைவிலேதான் தேட வேண்டும் என்னும் எண்ணம் படைப்பாளர் பலரிடத்தும் வேரூன்றியிருக்கிறது. அவ்வெண்ணத்தை மறுப்பவை செக் நாட்டு ஒளிப்படக் கலைஞர் ஜோசப் சுடெக்கின் (1896–1976) படைப்புகள்.

நூற்கட்டுத் தொழில் பயின்ற சுடெக், முதல் உலகப் போரில் இத்தாலியப் போர்முனையில் காயமுற்று வலக்கையை இழந்தார். பின்னர் பிராக் நகரில் ஒளிப்படக்கலை கற்று, 1927இல் அங்கே ஒரு முற்றத்துள் இருந்த சிறு மரக்கட்டடத்தைத் தம் பணிக்கூடமாக்கிக் கொண்டார். 1939இல் செருமானியப் படை நகருள் புகுந்தது. அதன்பின் வெளியிடங்களில் படம் எடுப்பது எளிதாயிருக்கவில்லை. 1940இல் அவர் தம் பணிக்கூடத்துச் சாளரத்தைப் படமெடுக்கத் தொடங்கினார். அத்தொடர் 1954 வரை நீண்டது.

அப்படங்களில் காணப்படுபவை மிகச் சிலவே: ஒரு கண்ணாடி, அதன் விளிம்பு, முற்றத்தில் வளைந்து நிற்கும் ஒரு மரம். ஆயினும் கண்ணாடியில் ஒருநாள் ஆவி படிகிறது. ஒருநாள் மழைத்துளி வழிகிறது. பிறிதொரு நாள் உறைபனி பூக்கிறது. எதிர்ப்படத்தைப் பெரிதாக்காமல், தாளோடு பொருத்தி அதே அளவில் அச்சிடும் முறையைச் சுடெக் மேற்கொண்டார். அதனால் துளிகளின் நுண்மையும் நிழலின் படிநிலைகளும் சிதையாமல் நிற்கின்றன.

நாடு அடிமைப்பட்டிருந்த காலத்தில் பூத்த மரத்தைப் பார்த்திருந்தது சமுதாயக் கடமையிலிருந்து ஒதுங்கியதாகாதா என வினவலாம். வினா நேரியதே. போரின் வரலாற்றை இப்படங்களிலிருந்து அறிய இயலாது. தனித்து நோக்கின், சில படங்களில் மென்மையான அழகுக்கு மேல் ஒன்றுமில்லை என்பதும் உண்மை. ஆயினும் போர் 1945இல் முடிந்த பின்னரும் ஒன்பது ஆண்டுகள் அவர் அதே சாளரத்தின் முன் நின்றார் என்பதை மறத்தலாகாது. அச்சத்தால் ஒதுங்கியவராயின், கதவு திறந்ததும் வெளியேறியிருப்பார். நெருக்கடியில் தொடங்கிய பார்வை, விரும்பி ஏற்ற நோன்பாக வளர்ந்தது. தொடராகக் காணும்போதே அதன் வலிமை புலனாகும்.

தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் இதில் ஒரு படிப்பினை உண்டு. 'மழை நாள்' எனத் தலைப்புக் கொடுத்தால், கருமேகமும் இடியும் மின்னலும் மனப்பாடமாக வந்து விழுகின்றன. தன் வீட்டுக் கூரையிலிருந்து நீர் சொட்டும் விதத்தை எழுதும் மாணவர் அரியர். சொல்வளம் போதாமை மட்டுமே இதற்குக் காரணமாகாது. பார்வையின் பொறுமையின்மையும் காரணமாகும். பள்ளித் திடலின் ஒரே மரத்தை ஒரு திங்கள் நாள்தோறும் நோக்கி, நாளொன்றுக்கு இரண்டு வாக்கியம் எழுதப் பழகும் மாணவனுக்கு இரவல் உவமைகள் தேவைப்படா.